நெடுக்கே பிரித்த இரண்டு காணி

தம்பி,

தபாலில் போட்டால் கையெழுத்தைப் பார்த்ததுமே பிரிக்காமல் பெட்டிக்குள் போட்டுவிடுவாய் என்றுதான் இதைச் செல்வத்திடம் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவன் மேல் கோபப்படாதே. வியாழக்கிழமை காலை அம்பத்தூரில் பேங்க் மேனேஜர் உன்னையும் அவனையும் வரச் சொல்லியிருக்கிறார். அங்கே உன் முன்னால் வைக்கப்போகிற காகிதங்களில் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கும். அதைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு நீ எழுந்து வெளியே போய்விடுவாய். உன்னைப் பெற்று வளர்த்தவளுக்கு அது தெரியாதா. அப்படிப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உனக்குப் பிடிக்காத செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது. அதையும் மேனேஜர் வாயால் கேட்பதைவிட என் எழுத்தில் நீ படிப்பது நல்லது.

ஜூன் மாதம் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே நீயும்தான் இருந்தாய். ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தது வேறு, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தது வேறு.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். சாப்பிட்டுக்கொண்டே லேத் பட்டறை விஷயம் சொன்னாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் உனக்கும் செல்வத்துக்கும் ஒரு ஷெட் ஒதுக்கியிருக்கிறார்கள், மிஷின் வாங்க பேங்க் லோன் வேண்டும், அதற்கு ஈடாகக் காட்ட உன் பெயரில் ஏதாவது சொத்து இருக்க வேண்டும் என்றாய். இன்னொருவன் கம்பெனி லைனில் ஓ.டி. பார்த்துக்கொண்டே கிழவனாக முடியாது என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வடக்குப்பட்டு நிலம் இரண்டு காணியையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அதற்கென்ன என்றேன். நீ சோற்றில் கையை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"சும்மா எழுதிக் குடுத்தா கிஃப்ட் டாக்ஸ் வரும்மா. குடுக்கறவங்கதான் கட்டணும். ஒரகடம் ரோட்ல கம்பெனி வருது, கம்பெனி வருதுன்னு ரேட்ட ஏத்தி வுட்டுக்கீறானுங்க. இப்ப இருக்கற மதிப்புக்கு நீ கட்டவே முடியாது."

"அப்ப இன்னா பண்றது?"

"எனக்கு வித்தா மாதிரி எழுதிடலாம். விவசாய நிலம், டவுன வுட்டுத் தள்ளி கீது, வித்த லாபத்துக்கு உனக்கு வரி இல்ல. ரேட்டக் கம்மியாப் போட்டுக்கினா ஸ்டாம்பும் கம்மி. எங்க கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல கீறவரு எல்லாம் சொல்லிட்டாரு."

நானும் சரி என்றேன். நீ படித்தவன், வெளியுலகம் தெரிந்தவன். சத்துணவுக் கூடத்தில் அரிசியும் முட்டையும் பார்த்துக்கொள்கிற எனக்கு இந்த வரி எல்லாம் எங்கே தெரியப்போகிறது. மே மாதமே பதிவதாக இருந்தது. தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து நம் ஸ்ரீபெரும்புதூர் பெயர் உலகம் பூராவும் அடிபட்ட மாதம் அது. பஸ் இல்லை, கடை இல்லை, எங்கே பார்த்தாலும் போலீஸ். பதிவு ஆபீஸ் திறந்த பிறகும் கொஞ்ச நாள் ஒருவரும் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அப்படித்தான் ஜூன் ஆனது.

பதிவு ஆபீஸுக்கு எதிரில், பத்திரம் எழுதுபவரின் கொட்டகையில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். சாட்சிக் கையெழுத்துப் போட உன் அக்கா காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டியூட்டியை இன்னொரு நர்ஸுக்கு மாற்றிவிட்டு, யூனிஃபார்மைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பத்திரம் எழுதுபவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேகமாகப் படித்தார். சர்வே நம்பர், நான்கு எல்லை எல்லாம் படித்துவிட்டு, "எனது குடும்பச் செலவுக்கும், எனது மகளின் திருமணச் செலவுக்கும் பணம் தேவைப்படுவதை முன்னிட்டு மேற்படி சொத்தைத் தங்களுக்குக் கிரயம் செய்து, கிரயத்தொகை முழுவதையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்துக்கு வந்தார். வந்த வேகத்திலேயே தாண்டியும் போய்விட்டார். அக்காதான் அவரை நிறுத்தினாள்.

"எந்தக் கல்யாணத்துக்கு சார்?"

"இன்னாம்மா?"

"மகளோட கல்யாணச் செலவுக்குன்னு படிச்சீங்களே. எந்தக் கல்யாணம்?"

"அத்தப் போய்க் கேக்கறியே. வழக்கமா எழுதறதும்மா. விக்கறதுக்கு ஒரு காரணம் போடணும் இல்ல."

நீ வாட்சைப் பார்த்துக்கொண்டே, "சும்மா ஃபார்மாலிட்டிக்கா, கையெழுத்துப் போடு" என்றாய். அவள் உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து, எந்த இடத்தில் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவின் மூடியைப் பொறுமையாகத் திருகி மூடி அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். நீ அப்போதே டோக்கன் வாங்க எதிரே போய்விட்டாய். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

போன தை மாதம் வாலாஜாபாத்திலிருந்து வந்த வரனை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூட வாத்தியார். இத்தனை வருஷத்தில் பிடித்திருக்கிறது என்று உன் அக்கா தன் வாயால் சொன்னது அவர் ஒருவரைத்தான். அவர்கள் கேட்டதைச் செய்ய நிலத்தில் அரைக் காணியை விற்கலாம் என்று நான் சொன்னேன். நீ கூடாது என்றாய். "நிலத்துல மட்டும் கை வெக்காதம்மா, இன்னும் நாலு வருசத்துல அது எங்கியோ போயிடும்" என்றாய். நீ சொன்னதில் கணக்குத் தப்பு இல்லை, நிலம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வரன் போய்விட்டது. அக்கா அதைப் பற்றி உன்னிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல் காலை பஸ்ஸில் டியூட்டிக்குப் போனாள். எந்தக் கல்யாணத்துக்காக விற்கக்கூடாது என்றாயோ, அதே கல்யாணத்துக்காக விற்றுவிட்டதாக, அதுவும் உனக்கே விற்றுவிட்டதாக எழுதிய காகிதத்தில், அவளையே சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தோம். நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாசகத்தை நீ படித்துக்கூட இருக்கமாட்டாய். ஆனால் அவள் காதால் கேட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "இது உங்க கையெழுத்தாம்மா?" ஆமாம் என்றேன். "விருப்பப்பட்டுத்தான் எழுதிக் கொடுத்தீங்களா?" அதற்கும் ஆமாம் என்றேன். "பணம் பூரா வந்து சேர்ந்துடுச்சா?"

"வரல சார்" என்றேன்.

அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார். "வாங்கிக்கிட்டேன்னு பத்திரத்துல எழுதியிருக்கே."

"எழுதியிருக்குது. ஆனா வரல."

உனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் உன்னையே பார்த்தார்கள். நம் பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். சார்பதிவாளர் பத்திரத்தை உன் பக்கம் நகர்த்தி, "வயசான பொம்பளய கூட்டினு வந்து என்னப்பா பண்றீங்க? முதல்ல பேசி முடிச்சிட்டு வாங்க" என்றார். நீ அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீ முன்னால் நடந்தாய், நாங்கள் பின்னால் நடந்தோம். பஸ் ஏறுவதற்கு முன்னால்தான் என் பக்கம் திரும்பினாய்.

"ஊர்க்காரன் எல்லார் எதுர்லயும் என்னத் திருடனாக்கிட்டியே. உங்கிட்ட நான் இன்னா திருடினேன்? வரியில்லாம ஒரு வழி சொன்னேன், அவ்ளோதானே. இஷ்டம் இல்லன்னா வூட்லயே சொல்றதுக்கு இன்னா?"

வீட்டில் சொல்லியிருக்க வேண்டியதுதான். ஆனால் வீட்டில் இருந்தபோது எனக்கே அது தெரியாது.

நீ போன பிறகு அக்காவும் என்னைச் சும்மா விடவில்லை. "எதுக்கும்மா அப்டி சொன்ன? எனக்காகவா? எனக்காகன்னா நீ சொல்லியிருக்கவே வேணாம். நான் கையெழுத்துப் போட்டுட்டேன் இல்ல" என்றாள். ஆமாம், உனக்காகத்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும். பாதிதான் அது. மீதிப் பாதி பயம், தம்பி. ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லிவிட்டால், காலடி மண்கூட எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிடும். விற்றதாகவும், காசை வாங்கியதாகவும், அந்தக் காசில் மகள் கல்யாணத்தை முடித்ததாகவும் அரசாங்கத்தில் எழுதியிருக்கும். நாளைக்கு யாராவது அந்தக் காசு எங்கே என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? நீ என்னை நடுத்தெருவில் விட்டுவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் வாய் அந்தச் சொல்லைச் சொல்ல மறுத்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நிலம் எனக்கு எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் என் அப்பா அதை என் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதி வைத்தார். அன்றைக்கு அங்கே ஈயும் காக்காயும் தவிர யாரும் வந்து பார்க்காத மேட்டு நிலம் அது. மல்லாட்டைக் கடலைதான் போடலாம். அதற்கே உன் மாமா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு நிலம்? இவ புருசன் வித்துத் தின்னா யார் கேக்கறது?" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினார். அதற்கப்புறம் அவர் நம் வீட்டு வாசலை மிதித்தது உன் அப்பா செத்த அன்றைக்குத்தான். வந்தார், மாலையைப் போட்டார், தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அந்த நிலத்தை வைத்துத்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன். அதனால் அப்பா செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பத்திரம் எத்தனை வருஷத்துக்குக் கூடப் பிறந்தவர்களின் வாயை மூட வைக்கும் என்று எனக்குத் தெரியும். கொட்டகையில் உன் அக்கா பேனாவை மூடிய விதத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் செல்வம் வந்தான். நீ அனுப்பவில்லை, அவனாகத்தான் வந்தான். "அம்மா, இந்த மாசக் கடைசிக்குள்ள லோனுக்கு வழி காட்டலன்னா ஷெட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. உம்புள்ள எங்கிட்ட இன்னா சொல்றான் தெரியுமா, நீ வேற பார்ட்னரப் பாத்துக்கடாங்கிறான். சாப்புடறதில்ல. டபுள் ஷிஃப்ட் அடிச்சிகினு கீறான்" என்றான். அன்றைக்கு முழுதும் எனக்குக் கை ஓடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய், அக்காவைக் கூட்டிக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த ஒரு ஆடிட்டரைப் போய்ப் பார்த்தேன். அவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அக்காதான் பார்த்துக்கொண்டாளாம். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் உன் யோசனையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

"ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. மதிப்பைவிடக் குறைச்சு வித்தா, அந்தக் குறைஞ்ச தொகையையே தானம்னு எடுத்துக்கிட்டு கிஃப்ட் டாக்ஸ் போடலாம். சட்டத்துலயே அப்படி இருக்கு. சரி, முழு மதிப்பையும் போட்டு எழுதினா ஸ்டாம்ப் எகிறிடும். அதோட, உங்க பையனுக்கு இவ்வளவு பணம் எங்கேர்ந்து வந்துதுன்னு அவனைக் கேப்பாங்க. ரெண்டு பக்கமும் இடிதான். நல்லவேளை, பதிவாகல."

நான் ஒருத்தி மனம் மாறி உன்னைக் கவிழ்த்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாயே, அது பதிவாகியிருந்தால் உன் சம்பளத்தைக் காட்டிக் கணக்குச் சொல்லத் தெரியாமல் நீ திண்டாடியிருப்பாய். அதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்கு அது தெரியாது.

வேறு என்ன வழி என்று கேட்டேன். தானமாகக் கொடுத்தால் வருஷத்துக்கு இவ்வளவு மதிப்பு வரைக்கும் வரி கிடையாது என்று ஒரு வரம்பு இருக்கிறதாம். வருஷா வருஷம் அதற்குள் அடங்குகிற மாதிரி ஒவ்வொரு துண்டாக எழுதிக் கொடுத்தால் ஒரு பைசா வரி வராது, அவசரப்படாதவர்களுக்கு அதுதான் நல்லது என்றார். உயில் எழுதிவைத்தாலும் இப்போது வரி இல்லை, செத்தவர் சொத்துக்கு இருந்த வரியை எடுத்துவிட்டார்கள் என்றார். முழுதும் இப்போதே கொடுக்க வேண்டுமென்றால், வரம்புக்கு மேலே போகிற மதிப்புக்கு நான் வரி கட்ட வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, "அதிருக்கட்டும், பேங்க்ல அவன் பேர்லதான் நிலம் இருக்கணும்னு சொன்னாங்களா? நீங்க உங்க பத்திரத்தை வெச்சு ஜாமீன் போட்டா போதாதா?" என்று கேட்டார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரை யாரும் பேங்கில் அதைக் கேட்கவே இல்லை.

செல்வத்தோடு பேங்குக்குப் போய்க் கேட்டேன். போதும் என்று மேனேஜர் சொன்னார். நிலம் என் பெயரிலேயே இருக்கலாம், கைமாறாததால் வரி, ஸ்டாம்ப் என்ற பேச்சே இல்லை. பட்டறை ஓடாமல் போனால் பேங்க் நிலத்தை எடுத்துக்கொள்ளும். நீ ஏன் இதை என்னிடம் கேட்கவில்லை என்று திரும்பி வருகிற பஸ்ஸில் செம்பரம்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். ஒருவேளை உனக்கும் தெரியாமல் இருக்கலாம். இல்லை, அம்மாவை ஜாமீனுக்கு நிறுத்தினான் என்ற பேச்சு வேண்டாம் என்று நினைத்திருப்பாய். உன் சொத்தை வைத்து நீ நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பாய். அந்த ஆசை எனக்குப் புரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் சரி என்பாள் என்று நினைத்தேன். அவள் பிசைந்துகொண்டிருந்த மாவைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள்.

"ஏன்டி?"

"ஜெயிச்சா பட்டறை அவனோடது. தோத்தா நிலம் ரெண்டு பேரோடது. இது எந்த ஊரு நியாயம்மா?"

அவளிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அவள் சொன்னதில் நான் தப்புக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டே இருந்தேன். அந்த வாரம் அவள் வீட்டுக்கு வரவில்லை, ஆஸ்பத்திரி ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். இன்னொரு பக்கம் செல்வம் சொன்ன மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் இன்னொரு பிள்ளை போய்விடும் போலிருந்தது. கடைசியில் அவள் இருக்கிற இடத்துக்கே போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "உனக்கு இன்னா வேணும், அதச் சொல்லு" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் இதைக் கேட்கிறேன் என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"பாதிய எம்பேர்ல எழுது. இப்பவே. மீதிப் பாதிய தம்பிக்கு ஜாமீனா வெய்யி. அவன் பாதி அவன் ரிஸ்க்கு. அவ்ளோதான்" என்றாள்.

பாதி நிலம் போதுமா என்று மேனேஜரைக் கேட்டோம். இப்போது இருக்கிற விலைக்குப் போதும் என்றார். சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தோம். குறுக்கே பிரித்தால் ஒருவருக்கு ரோடும் கிணறும், இன்னொருவருக்குப் பின்னால் ஓடையும் கல்லும். நெடுக்கே பிரிக்கச் சொன்னேன். இருவருக்கும் ரோட்டில் முகம் இருக்கிறது, இருவருக்கும் ஓடை வரை போகிறது. மேற்குப் பாதி அக்காவுக்கு, கிழக்குப் பாதி உனக்கு. கிணறு எல்லைக்கோட்டில் வருகிறது, தண்ணீர் இருவருக்கும் பொது என்று எழுதியிருக்கிறேன்.

உனக்குப் பிடிக்காது என்று சொன்னேனே, அந்தச் செய்தி இதுதான். மேற்குப் பாதி போன வாரம் அக்கா பெயருக்குத் தான செட்டில்மெண்டாகப் பதிவாகிவிட்டது. அது இனி அவளுடையது, நானே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. வரம்புக்கு மேலே போகிற மதிப்புக்கு அடுத்த வருஷம் கிஃப்ட் டாக்ஸ் கட்டவேண்டும். அதற்காக எருமைகளை விற்றுக் காசைத் தனியாக வைத்துவிட்டேன். தொழுவம் காலியாக இருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. துண்டு துண்டாகக் கொடுத்திருந்தால் வரியே இல்லையே, உயில் எழுதியிருந்தால் போதுமே, அக்காவுக்கு மட்டும் எதற்கு இந்தத் தண்டம் என்று நீ கேட்பாய். ஆடிட்டரும் அதைத்தான் கேட்டார். உயில் நான் இருக்கும்வரை மாற்றக்கூடியது. துண்டு துண்டாகக் கொடுப்பதை எந்த வருஷம் வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். நீ ஒருநாள் முகம் வாடி வந்து நின்று, அம்மா பட்டறை முழுகப்போகிறது என்று சொன்னால், மேற்குப் பாதியையும் தூக்கிக் கொடுத்துவிடுவேன். அக்காவும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுவாள். எனக்கு உன்மேல் அவநம்பிக்கை இல்லை, என்மேல்தான். நான் மனம் மாற முடியாதபடி செய்துகொள்வதற்குத்தான் அந்த வரியைக் கட்டுகிறேன். அதை நான் தண்டமாக நினைக்கவில்லை.

உன் பாதியை ஏன் இப்போதே எழுதவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் சேர்த்து வரி கட்ட என்னிடம் எருமை இல்லை. அது என் பெயரில் இருந்தாலே உனக்கு வேண்டிய வேலையைச் செய்துவிடும். அது உனக்குத்தான் என்று உயில் எழுதிவிட்டேன், செல்வம் அதன் நகலைக் கொண்டுவருகிறான். நீ கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்ட பிறகு, வருஷத்துக்கு ஒரு துண்டாக வரம்புக்குள் எழுதிக் கொடுக்கிறேன். நாலு பேர் நடுவில் உன்னைத் தலைகுனிய வைத்தேன். அதற்காக நீ இன்னும் என்மேல் கோபமாக இருந்தால் இரு. ஆனால் அந்த ஷெட்டை விட்டுவிடாதே. உன் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பதிவு முடிந்து சில நாளிலேயே ஒரு புரோக்கர் அம்பாசடர் காரில் வந்து இறங்கினார். எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ. அக்கா லீவில் வீட்டில் இருந்தாள். மேற்குப் பாதிக்கு அவர் சொன்ன விலை எனக்கே தலையைச் சுற்றியது. அதில் அவளுக்கு இரண்டு கல்யாணம் செய்யலாம். அவள் அவருக்குக் காப்பி கொடுத்தாள், முழுதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்க தம்பி லேத் பட்டறை வெக்கறான் சார். நல்லாப் போச்சுன்னா பிற்பாடு இங்கயே ஷெட் போடுவான். அவனுக்கு எடம் பத்தலன்னா இது வேணும். அவன் வேணாம்னு சொன்னப்புறம் வாங்க." புரோக்கர் போன பிறகு, இதைத் தம்பியிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் அவள் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் பேங்கில் இருப்பேன். அக்கா வருவாளா என்று செல்வத்தை விட்டு என்னைக் கேட்காதே. இந்த வாரம் அவளுக்குப் பகல் டியூட்டி. காஞ்சிபுரத்துக்கு எந்த பஸ் என்று உனக்குத் தெரியும். நீயே போய் அவளைக் கேள்.

உன் அம்மா